உம்முக்குப் பதிலா ஒரு யா

நான் ஒண்ணும் சொல்லலங்கிறேன், நீ நம்பாட்டிப் போ சம்பூர்ணம். சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? ஒரே ஒரு வார்த்தை. யா. ஜெர்மன்காரங்க பாஷையில ஆமான்னு அர்த்தம். அந்த ஒத்த எழுத்த வச்சுக்கிட்டு அஞ்சு வயசுப் புள்ளகிட்ட நான் என்ன பொல்லாப்பு சொல்லியிருக்க முடியும்? "பின்ன மருமகன் சும்மாவா எழுதுவாரு அண்ணி, நீங்க வாயத் தொறந்தா நிக்காதே"ங்கிறா, மொச்சக்காய உரிச்சுக்கிட்டே, என் மூஞ்சியப் பாக்காம. என் வீட்டுக்காரரோட தங்கச்சி இவ. புருஷன் போனதும் எங்களோட வந்து சேந்தவ, பதினெட்டு வருஷமா இதே கூடத்துல எனக்கு எதிர்ல உக்காந்து, நான் சொல்ற எதையும் நம்பாம இருக்கிறதே ஒரு வேலையா வச்சிருக்கா. நம்பாட்டிப் போகட்டும். மருமகன் மத்தியாஸ் நம்பணுமே. அவரு எழுதினத நேத்துதான் ஃபர்ஹானா படிச்சுக் காட்டினா. ஃபர்ஹானா என் மக வசுமதியோட காலேஜுல படிச்ச பொண்ணு. மருமகன் இங்கிலீஷுல எழுதுறத எனக்குத் தமிழ்ல சொல்றது அவதான். வாக்கியம் வாக்கியமா நிறுத்தி நிறுத்திச் சொன்னா பாவம். பாட்டிகூட பேசி முடிச்சதும் பேத்தி மிலா ஷூவ மாட்டிக்கிட்டு வாசக்கதவுகிட்ட போயி நின்னுக்கறாளாம். கூப்ட்டா வரமாட்டாளாம். கதவத் தொறக்கலேன்னா அங்கயே உக்காந்து அழுவாளாம். தயவுபண்ணி அவகிட்ட இனிமே அப்படியெல்லாம் சொல்லாதீங்க, இந்த ஞாயித்துக்கெழம பேசிடுங்க, அப்புறம் கொஞ்ச நாளைக்கு வேணாம். அவ்வளவுதான் எழுதியிருக்காரு. அப்படியெல்லாம்னா எப்படியெல்லாம்? கொஞ்ச நாளுன்னா எத்தன நாளு? அத எழுதல. நமக்குக் கொஞ்ச நாளு, அஞ்சு வயசுப் புள்ளைக்கு அது பாதி ஆயுசு. திரும்ப வர்றப்ப அதுக்கு என் மூஞ்சி மறந்து போயிருக்கும்.

இப்ப மணி ரெண்டேகால். மூணரைக்கு வீடியோவுல கூப்பிடுவாரு, அங்க ஜெர்மனியில, ப்ரேமன்ல, அப்ப காலம்பர பதினோரு மணி. நடுவுல எனக்கு இருக்கிறது ஒண்ணேகால் மணி நேரமும் இந்த போனும். ஃபர்ஹானா மூணு விதமான பாடம் அனுப்பியிருக்கா, எல்லாம் காதால கேட்டுப் படிக்கிறது. "ஆன்ட்டி, ஒவ்வொண்ணுலயும் மொத மூணு பாடம் சும்மாவே கேக்கலாம். கேட்டுட்டு எது உங்களுக்கு ஒத்துவருதுன்னு சொல்லுங்க, அத முழுசாப் போட்டுத் தர்றேன்"னா, என்னமோ சேலைக்கு மேட்ச் பாக்கச் சொல்ற மாதிரி. எது ஒத்துவரும்? என்னை விட்டுடாதேன்னு சொல்றதுக்கு எதுல சொல்லித்தர்றாங்களோ அது ஒத்துவரும். மொதல்ல உள்ளதப் போட்டேன். ஒரு ஆம்பள, வெள்ளக்காரன், கணீர்னு குரல். இங்கிலீஷுல சொல்லிட்டு ஜெர்மன்ல சொல்றான். ஃபர்ஹானா அதுக்கு அர்த்தம் எழுதி அனுப்பியிருக்கா, கண்ணாடியப் போட்டுப் பாக்குறேன்: எனக்கு ஒரு ரூம் வேணும். காலை டிபனோட சேத்தா? ஜன்னல் பக்கம் சீட்டு இருக்கா? என் பெட்டி வந்து சேரல. சம்பூர்ணம் சிரிக்கிறா. "சொல்லுங்க அண்ணி, பேத்திகிட்ட ரூம் கேளுங்க, டிபன் உண்டான்னு கேளுங்க." சிரிடி. எனக்குக் காது நல்ல காதுன்னு உங்கண்ணன் இருந்தப்ப அவரே சொல்லுவாரு. பொன்மலை கோயில்ல ஓதுவாரு பதிகம் சொல்லிக் குடுத்தாரே, அவரு ஒரு தடவ சொல்லுவாரு, நாங்க பொம்பளைங்க ரெண்டு தடவ திருப்பிச் சொல்லணும், புஸ்தகம் கூடாது, எழுதக் கூடாது. நாப்பத்தெட்டு பதிகம் அப்படியே ஏத்திக்கிட்டேன், பாதிக்கு மேல அர்த்தம் தெரியாது, ராகம் மட்டும் பிசகாது. அந்த ஓதுவாருக்கு ஒரு பல்லு கிடையாது, அதனால எங்க கூட்டம் மொத்தமும் சகரத்த அவர மாதிரியே காத்தா ஊதிக்கிட்டு இருந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு வேற ஊரு ஓதுவாரு வந்து கேட்டுட்டு, என்னம்மா இது, ஊருக்கே பல்லு விழுந்துடுச்சான்னாரு. எதுக்கு இதச் சொல்ல வந்தேன்? ஆங், காது. எது காதுல விழுந்தாலும் அப்படியே உள்ள போயி உக்காந்துக்கும், அர்த்தம் பின்னாடி வந்தா வரும், வராட்டி இல்ல. ஆனா ரூமும் ஜன்னலும் ஏத்திக்கிட்டு நான் என்ன பண்ண? பெட்டி வந்து சேரலங்கறத வேணா வச்சுக்கலாம். வசுவோட பெட்டி வந்துச்சு, போன வருஷம், கப்பல்ல. அதுல அவளோட ஸ்வெட்டரு ரெண்டு, நான் குடுத்த அரைக்கீரை வெத, பிரிக்காமலே. பெட்டி வந்துடுச்சு. பெட்டிதான் வந்துச்சு.

இது வேணாம். ரெண்டாவது. இது ஒரு பொண்ணு, குசுகுசுன்னு பேசுது, பின்னாடி புல்லாங்குழல். அர்த்தமே சொல்லாதாம், கேக்கக் கேக்கத் தானா வந்துடுமாம், குழந்த பேச்சுக் கத்துக்கற மாதிரி. ஃபர்ஹானா படமும் அனுப்பியிருக்கா: குதிர ஓடுது, பொண்ணு ஆப்பிள் திங்கிறா, மழ பெய்யுது. குழந்தைக்குத் தானா வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷமும் ஒரு அம்மாவும் வேணும். எனக்கு இப்ப மணி ரெண்டே முக்காலு. அம்மா இருந்தப்பவே மிலாவுக்குத் தமிழ் வரல. வசு ஆஸ்பத்திரியில டூட்டி முடிச்சு வீட்டுக்கு வர்றப்ப புள்ள தூங்கிடும், காலையில அப்பனோட பேச்சுதான். பாட்டி, பூ, போதும், இந்த மூணுதான் தமிழ்ல இருந்துச்சு, அம்மா போனதும் பூவும் போதுமும் போயிடுச்சு. பாட்டி மட்டும் பாத்தின்னு நிக்குது. ஞாயித்துக்கெழம போன் வந்ததும் அந்தப் பாத்தியக் கேக்கறதுக்குத்தான் நான் மத்த ஆறு நாளு எந்திரிக்கிறேன். நம்ம வீடுகள்ல குழந்த பேசினா உம் கொட்டணும், அது முற. உம் கொட்டாம கேட்டா அது பேச்சக் கேக்குறதே இல்லன்னு அர்த்தம். வசு சின்னதுல கத சொல்லும், ரெண்டு உம் விட்டுப்போச்சுன்னா மொதல்லேருந்து ஆரம்பிச்சுடும், அடுப்புல பாலு பொங்கிக்கிட்டிருந்தாலும் சரி. அதனால மிலா என்னமோ பேசறப்ப நானும் உம் உம்முன்னேன். அது முழிச்சுது. அப்ப வசு இருந்தா, பக்கத்துலேருந்து சிரிச்சுக்கிட்டே சொன்னா, "இங்க உம்முன்னா புரியாதும்மா, யான்னு சொல்லு. உம்முக்குப் பதிலா யா." அவ்வளவுதான், நான் படிச்ச ஜெர்மன் மொத்தமும் அதுதான். அவ சொல்லிக் குடுத்தது. அவ போன பின்னாடியும் அத விடாம வச்சிருக்கேன். ஒவ்வொரு வாரமும் புள்ள வந்ததும் மொத வேலையா என் தலைக்கு மேல பாக்கும். அங்கதான் வசு படம் மாட்டியிருக்கு, சந்தன மாலையும், சுத்தி சீரியல் லைட்டும், செவப்பு பச்ச மஞ்சளா மின்னிக்கிட்டு. சம்பூர்ணம்தான் வாங்கிட்டு வந்து போட்டா, புள்ளைக்குத் தெரியட்டும் அண்ணின்னு. படத்தப் பாத்ததும் அது முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க. வெரல நீட்டி மமான்னு என்னமோ கேக்கும், எப்பவும் ஒரே வாக்கியம், ஒரே ராகம், கீழ ஆரம்பிச்சுக் கடைசியில மேல தூக்கும், பை டியான்னு முடியும். எனக்கு அந்த ராகம் தூக்கத்துல கூட வரும். மமான்னா அம்மா, அது எனக்குத் தெரியாதா? படத்துல இருக்கிறது மமாதானேன்னு கேக்குது. ஆமாண்டி தங்கம், உங்கம்மாதான். யா. யா யா. அப்படிச் சொல்லுவேன். அதுக்கு அப்படி ஒரு சந்தோஷம், குதிக்கும். ரெண்டு மூணு வாரமா ஒரு செவப்புப் பையக் கொண்டாந்து காட்டுது, உள்ள ஒரு பொம்ம, பல்லு வெளக்குற பிரஷ்ஷு, ஒரு காலுறை, ஜோடி இல்ல, ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துப் பைன்னு நெனச்சு நான் கையத் தட்டினேன். வாடா கண்ணு வா வா, பாட்டிகிட்ட வான்னு கையக் கையக் காட்டினேன், எல்லாரும் பண்றதுதானே. இதுல என்ன தப்பு கண்டாரு அந்த மனுஷன்? என் மூஞ்சி அதுக்குப் பயமா இருக்கா? பல்லில்லாத வாயும் விபூதியுமா, பாத்துட்டு ஓடிப்போகத்தான் ஷூ மாட்டுதா? ஓடறதா இருந்தா போறப்போ எதுக்குச் சிரிச்சுக்கிட்டுப் போகுது?

"யான்னு சொன்னதுலதான் அண்ணி எதோ இருக்கு"ங்கிறா சம்பூர்ணம், இப்பத்தான் மொதல் தடவையா கைய நிறுத்திட்டு. "எங்கண்ணன் சொன்னாரே ஒரு உம்மு, அத மறந்துட்டீங்களா?" மறப்பனா. பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்புல முப்பத்தி நாலு வருஷம் சம்மட்டி அடிக்கிற செக்ஷன்ல இருந்து மனுஷனுக்குக் காது போயிடுச்சு. வீட்டுல யாரு என்ன பேசினாலும் உம் போடுவாரு. கேக்கலேன்னு காட்டிக்க வெக்கம். ரேஷன் கார்டு எடுத்துட்டுப் போகட்டுமா, உம். மாடியில தண்ணி வழியுது, உம். ஒருநாளு எதிர்வீட்டுக்காரரு வந்து உங்க சைக்கிள நான் எடுத்துக்கட்டுமான்னு வெளையாட்டுக்குக் கேட்டு, இவரு உம்முன்னு, அந்த ஆளு நெசமாவே எடுத்துட்டுப் போயி ஒரு வாரம் வச்சிருந்தாரு. சிரிச்சுக்கிட்டிருந்தோம் அதுக்கெல்லாம். அந்த வருஷந்தான் லீவுல வந்த வசு, மேல ஃபேன் கடகடன்னு ஓட, அவரு கால்மாட்டுல உக்காந்து சொன்னா, அப்பா, கூட வேல செய்யிறவரு ஒருத்தரு, ஜெர்மன்காரரு, நல்லவரு, கட்டிக்கட்டுமா? உம். இந்தப் பக்கம் நான் தோசக் கரண்டியோட நிக்கிறேன். அவரு வாயத்தான் பாக்குறேன். அவருக்கு ஒண்ணும் கேக்கலன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ எந்திரிச்சு வந்து என்னக் கட்டிக்கிட்டு, அப்பா சரின்னுட்டாரும்மான்னா. நான் குறுக்க ஒரு வார்த்த பேசியிருந்தா? பேசல. அந்த முகத்துல இருந்த வெளிச்சத்த எப்படி அணைக்கிறது? அப்பப்ப தோணும், அந்த உம் இல்லாட்டி அவ இங்கயே இருந்திருப்பா, தலைக்குள்ள ரத்தக்குழா வெடிச்சப்ப பக்கத்துல நான் இருந்திருப்பேன்னு. ஃபர்ஹானா சொன்னா, எங்க இருந்தாலும் வெடிச்சிருக்கும் ஆன்ட்டின்னு. இருக்கலாம். ஆனா நான் தொட்டுப் பாத்திருப்பேன். போன்ல பாத்தேன் நான். வெள்ளப் பூவும் மரப்பெட்டியும், கையளவு. மிலாவ அன்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போகல, குழந்த பாக்க வேணாம்னு யாரோ சொன்னாங்களாம். அம்மா எங்கன்னு கேட்டதுக்கு ரொம்பத் தூரம் போயிட்டான்னு சொல்லியிருக்காங்களாம். தூரம். அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்ச தூரம் எது? யோசிக்கக்கூட இல்ல நான் அன்னைக்கு.

மூணு அடிக்கப் போகுது, மூணாவதப் போடு. இது நம்ம ஆளு. பேரு ஞானசிகாமணின்னு சொல்றாரு, குரல்ல தொண்டக்கட்டு, பின்னாடி காக்கா கத்துது, குக்கர் விசில் அடிக்குது, ஒரு நிமிஷம் நேயர்களேன்னு எந்திரிச்சுப் போயி அடுப்ப நிறுத்திட்டு வர்றாரு. சம்பூர்ணம் கெக்கேன்னு சிரிச்சு, "இவரு பாஷ சொல்லித் தர்றாரா, சாம்பார் வைக்கிறாரா"ன்னா. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, நேத்துலேருந்து இதுதான் மொதல் சிரிப்பு. ஆனா மனுஷன் ஒரு தடவ சொல்லிட்டு ரெண்டு தடவ சொல்லுங்கன்னு விடுறாரு, ஓதுவாரு மாதிரியே. பாடம் ஒண்ணு, வணக்கம். பாடம் ரெண்டு, பேரு ஊரு. நான் ரெண்டு ரெண்டு தடவ சொல்லிக்கிட்டு வர்றேன், நாக்கு தடிச்சுப் போயி உள்ள உருளுது. பாடம் மூணு, உன்கிட்ட, என்கிட்ட. "வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியல, கேக்குறோம், எப்படிக் கேக்கணும்? இஸ்ட் டேர் ஷ்லூசல் பை டியா?" அந்த ராகம். கீழ ஆரம்பிச்சு மேல தூக்கி. போனத் தூக்கிக் காதுகிட்ட வச்சுக்கறேன், எதுக்குன்னு இன்னும் தெரியல. "சாவி உன்கிட்ட இருக்கா? ரெண்டு தடவ சொல்லுங்க. பை டியான்னா உன்கிட்ட, உன் வீட்டுல. இருக்குன்னா என்ன சொல்லணும்? யா." காக்கா கத்துது. அவரு ரெண்டு தடவ சொல்றதுக்கு எடம் விட்டுட்டு சும்மா இருக்காரு. சாவி இருந்த எடத்துல புள்ளையோட குரல் தானா வந்து உக்காந்துக்கிச்சு. இஸ்ட் மமா பை டியா? மமா உன்கிட்ட இருக்காளா? யா. யா யா. மமா உன் வீட்டுல இருக்காளா? ஆமாண்டி தங்கம். எத்தன ஞாயித்துக்கெழம? பதினாலு மாசம். ரொம்பத் தூரம் போன அம்மா, பாத்தி வீட்டுல, பூவும் மாலையுமா, கலர் கலரா வெளக்குப் போட்டுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அங்க அப்படி வெளக்குப் போடறது பண்டிகைக்குல்ல. அவ எங்கயும் போகல, இங்கதான் இருக்கா, நான்தான் சொன்னேன். பைய அடுக்கிக் காட்டுச்சே, நான் கையத் தட்டினேனே. வா வான்னேனே. ஷூவ மாட்டிக்கிட்டுக் கதவுகிட்ட அது எங்க போக நின்னுச்சு? இங்க வர. அம்மாகிட்ட வர. அடி பாவி, அடி பாவின்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கு, பாத்தா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், சம்பூர்ணம் மொச்ச மொறத்தத் தள்ளிட்டு ஓடியாந்து என் தோளப் புடிச்சுக்கிட்டு என்ன அண்ணி என்ன அண்ணிங்கிறா. எடுடி அந்தப் படத்த, கழட்டு, லைட்டப் புடுங்கு, புள்ள பாக்குற எடத்துல வைக்காத, வெளிய பால்கனியில கொண்டுபோயித் திருப்பி வையிங்கறேன். அவ ஸ்டூலப் போட்டு ஏறி, வசுவ ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டுப் போறா, சீரியல் லைட்டு வாலு மாதிரி தரையில இழுபட்டுக்கிட்டே போகுது.

செவுத்துல ஒரு சதுரம் வெள்ளையா தெரியுது, படம் இருந்த எடம். மணி மூணு இருவது. ஞானசிகாமணி தன் பாட்டுக்கு நடத்திக்கிட்டிருக்காரு, இல்லன்னா எப்படிச் சொல்லணும்னு. நைன். டேர் ஷ்லூசல் இஸ்ட் நிஷ்ட் பை மியா. இல்ல, சாவி எங்கிட்ட இல்ல. ரெண்டு தடவ. சாவிய எடுத்துட்டு மமாவ வச்சேன். நைன், மமா இஸ்ட் நிஷ்ட் பை மியா. வாயில வந்துடுச்சு, பதிகம் மாதிரி சுலபமா வந்துடுச்சு, வராம இருந்திருக்கலாம். இதையா நான் மொத மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் பேசப் போறேன்? இன்னொண்ணு இப்பத்தான் தோணுது. அது என்னப் பாக்க வரல. பதினாலு மாசமா அது என் தலைக்கு மேலதான் பாத்துச்சு. அம்மா இருக்கிற வீட்டோட வாசக்கதவு நான், யாராவது கதவையா பாப்பாங்க? இல்லன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் இந்தக் கதவுகிட்ட எதுக்கு வரும்? மருமகன் நிறுத்த வேணாம், அதுவே நிறுத்திடும். யான்னே சொல்லிட்டா என்ன? இன்னைக்கு ஒருநா மட்டும். நான் யான்னு சொன்னா அது குதிக்கும், அந்த வெளிச்சத்தப் பாத்துக்கிட்டே முடிச்சுக்கலாம். அப்புறம் அது ஷூவ மாட்டும். குளிரு அங்க, ஜனவரி மாசம், கதவுக்குக் கீழ காத்து ஊதும். நிக்கும். ஒருநாளு யாரோ கதவத் தொறந்து வச்சுட்டுப் போனா, அது பையத் தூக்கிக்கிட்டு எறங்கிடும். சரி, படத்த எடுத்தாச்சே, ஒண்ணும் சொல்ல வேணாம், அது கேக்காட்டி நான் சொல்ல வேணாம். செவுத்தப் பாக்கட்டும். பாக்கும். வெறும் செவுரு. அப்ப அது என்ன நெனைக்கும்? அம்மா இங்கேருந்து கெளம்பிட்டான்னு நெனைக்கும். கெளம்பி அங்க வந்துக்கிட்டிருக்கான்னு நெனைக்கும். அதே கதவுதான், அதே ஷூதான், இந்தத் தடவ அம்மா வர்றதுக்காக. ஐயோ, அது இன்னும் மோசம். வெறும் செவுத்தக் காட்டி நான் இன்னொரு யா சொல்றேன். நீ போனப்ப அந்தப் புள்ளைக்கு யாரும் நேரா சொல்லல வசு, நானாவது சொல்லணும், அதோட அப்பன் பாஷையில, என் வாயால, படம் இருக்கறப்பவே, வெளக்கு இல்லாம, இது படம், வெறும் படம்னு கையால தட்டிக் காட்டி. அது அழும். அழறதுக்கு ஒரு ஆளு வேணும், கதவுகிட்ட தனியா அழறதவிட என் மூஞ்சியப் பாத்து அழட்டும். அப்புறம் வந்தா வரட்டும். ஃபர்ஹானாகிட்ட மூணாவதுதான் வேணும்னு சொல்லணும், குக்கர்காரரு. நாலாவது பாடத்துல என்ன இருக்கோ. மருமகனுக்கும் எழுதச் சொல்லணும், நான் வேணும்னு சொல்லலப்பா, உம் கொட்டினேன்னு, அதுக்கு இங்கிலீஷுல என்னன்னு அவ கண்டுபுடிக்கட்டும். நைன். மமா இஸ்ட் நிஷ்ட் பை மியா. ரெண்டு தடவ. போன் வெளிச்சம் போடுது, அடிக்குது, ப்ரேமன், மத்தியாஸ்னு வருது, மூணரை ஆகறதுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே, புள்ள அவசரப்படுத்தியிருக்கும். இந்தா எடுக்குறேன் கண்ணு, இந்தா. சம்பூர்ணம்! ஏ சம்பூர்ணம்! அழுதது போதும், மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வா. லைட்டு அங்கயே கெடக்கட்டும், மாலையையும் எடுத்துடு, வசுவ மட்டும் உள்ள கொண்டா.